பெயருக்கு ஒரு கையெழுத்து

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், அயல்வீட்டு அம்மையார் ஒருவர் கையிற் கடதாசியுடன் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கணவரை இழந்தவர், எழுபது வயதை எட்டிக்கொண்டிருப்பவர். உடுவில் மகளிர் கல்லூரியிற் படித்தவர். 1824ஆம் ஆண்டிலே தொடங்கிய அக்கல்லூரியைப் பற்றி எவராவது பேச்செடுத்தால் அரைமணி நேரத்துக்கு இருந்த இடத்தை விட்டு எழமாட்டார். சீட்டுக் காசை மும்முறை எண்ணிப் பாராமல் முந்தானையில் முடியாதவர்.

"மாஸ்டர், சின்னவன் ஒரு பாரம் அனுப்பியிருக்கிறான். நான் டைரக்டராம். சும்மா பெயருக்குத்தானாம். எங்கை கையெழுத்து வைக்கிறது எண்டு ஒருக்காக் காட்டிவிடுங்கோ" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். கம்பனிப் பதிவாளருக்கு அனுப்பும் 18ஆம் இலக்கப் படிவம். பணிப்பாளராக இருக்கச் சம்மதிக்கிறேன் என்றும், அப்பதவி வகிப்பதற்குச் சட்டத்தடை எதுவும் எனக்கில்லை என்றும் ஒருவர் எழுத்திற் கொடுக்கும் உறுதிமொழி அது. மகன் கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறார். நண்பர் இருவரோடு சேர்ந்து மிளகாய்த்தூள், ஒடியல் மா முதலியவற்றைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி ஒன்றைத் தொடங்க முனைந்திருக்கிறார். உத்தியோக விதி குறுக்கே நிற்பதால், தம் பெயருக்குப் பதிலாகத் தாயாரின் பெயரைப் போட எண்ணியிருக்கிறார். பிள்ளையிற் கபடம் இல்லை. நம்மூரில் இத்தகைய படிவங்கள் மனைவிக்கும் மாமியாருக்கும் ஓய்வுபெற்ற தகப்பனாருக்கும் வருவது இப்பொழுது புதுமையன்று. கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டுவது எளிது. அதற்கு முன் சொல்லவேண்டியது சிறிது இருந்தது. அவரைத் திண்ணையில் இருத்திச் சொன்னவற்றையே இவ்வாரம் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

கம்பனி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். உரிமையாளர் வேறு, கம்பனி வேறு. இலண்டன் மாநகரிலே சப்பாத்து வியாபாரம் செய்த சாலமன் என்பவர், மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கைக் கொடுத்து, எஞ்சிய பங்கையெல்லாம் தாமே வைத்துக்கொண்டு ஒரு கம்பனி தொடங்கினார். அது நொடித்தபோது, கம்பனியின் கடனுக்கு அவர் பொறுப்பாளியல்லர் என்று 1897ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபை தீர்த்தது. அன்றுதொட்டு உலகமெங்கும் வணிகர்கள் இந்த மறைப்பின் பின்னே நிம்மதியாகத் துயில்கின்றனர். ஆனால் அந்த மறைப்புப் பங்குதாரருக்கு உரியது. கம்பனி என்னும் அந்த ஆளுக்குக் கண்ணுமில்லை, கையுமில்லை. அதற்காகப் பார்ப்பவரும் கையெழுத்திடுபவரும் பணிப்பாளர். பார்க்க வேண்டியவர் பாராதிருந்தால் அந்தக் குற்றம் அவருடையதே.

இந்த எண்ணம் நீதிமன்றங்களுக்கு உடனே தோன்றிவிடவில்லை. இதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. வேல்ஸ் நாட்டிலே காடிவ் நகரச் சேமிப்பு வங்கிக்கு பியூட் பிரபு என்பவர் தலைவராக இருந்தார். தகப்பனார் இறந்தபோது பரம்பரைச் சொத்தோடு அந்தப் பதவியும் அவருக்கு வந்தது. அப்பொழுது அவருக்கு வயது ஆறு மாதம்! முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் சென்ற கூட்டம் ஒன்றே ஒன்று. அலுவலர் செய்த மோசடியால் வங்கி விழுந்தது. 1892ஆம் ஆண்டிலே வழக்கை விளங்கிய நீதிபதி, ஒன்றும் அறியாதிருந்தவரிடம் பொறுப்புக் கேட்க முடியாது என்று பிரபுவை விடுவித்தார். கூட்டத்துக்குப் போய் அரைகுறையாகக் கேட்டவரைக் காட்டிலும், போகாமலே வீட்டில் இருந்தவருக்குப் பாதுகாப்பு மிகுதி என்ற விசித்திரமான நிலை அக்காலத்தில் இருந்தது.

அடுத்த கதையைச் சொன்னபோதுதான் அம்மையாரின் முகம் மாறியது. அமெரிக்காவிலே நியூ ஜேர்சி மாநிலத்தில் பிரிச்சாட் என்பவர் மறுகாப்புறுதித் தரகுக் கம்பனி ஒன்றை நடத்தினார். மனைவியும் ஆண்மக்கள் இருவரும் பணிப்பாளர்கள். 1973ஆம் ஆண்டில் அவர் இறந்தார். மூத்தவன் தன் மேற்சட்டையையும் கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று மனைவியிடம் அவர் முன்னரே எச்சரித்திருந்தாராம். கணவனை இழந்த துயரிலும் குடியிலும் நோயிலும் படுக்கையிற் கிடந்த அம்மாது, கம்பனியின் கணக்கைக் கையால் தொட்டதுமில்லை. பிறர் கொடுத்து வைத்த பணத்தைப் பிள்ளைகள் 'கடன்' என்று எழுதி எழுதி எடுத்தனர். அந்தக் கடன் ஆண்டறிக்கையிலே வெளிப்படையாகப் பதியப்பட்டிருந்தது, மறைக்கப்படவே இல்லை. ஒரு முறை வாசித்திருந்தால் கண்ணிற் பட்டிருக்கும். 1975இலே கம்பனி வீழ்ந்தது. 1978இலே தாயாரும் காலமானார். 1981ஆம் ஆண்டிலே அம்மாநில உயர் நீதிமன்றம், ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட அந்த இழப்புக்கு அவருடைய சொத்து பொறுப்பு என்று தீர்த்தது. பணிப்பாளர் என்பவர் சபைக்கு வைத்த அலங்காரப் பொருள் அல்லர்; தொழிலின் அடிப்படையை அறியவேண்டும், கணக்கறிக்கையை வாசிக்கவேண்டும், தவறு கண்டால் தடுக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். துயரத்தையும் முதுமையையும் நீதிபதிகள் அறிந்தே இருந்தனர். அறிந்தும் விலக்களிக்கவில்லை.

"பிள்ளையளை நம்பினது பிழையே?" என்று அம்மையார் கேட்டார். பிழையில்லை, அக்கா, பாராமல் இருந்ததே பிழை என்றேன். நம்பிக்கையும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நம் கோயிற் பரிபாலன சபைகளைப் பாருங்கள். பரிவட்டம் கட்டும் நாளில் முன்னே நிற்பவர்கள், உண்டியற் கணக்கைப் பற்றி எவராவது கேட்கும் நாளில் பின்வரிசையைத் தேடுகிறார்கள். பதவியை மரியாதையாக எண்ணும் பழக்கம் நமக்குக் கோயில் வீதியிலேயே தொடங்கிவிடுகிறது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். இப்பொழுது நடைமுறையில் உள்ளது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். தனியார் கம்பனிக்கு ஒரேயொரு பணிப்பாளர் போதும் என்று அது இடந்தருவதால், பெயருக்கு ஒருவரைத் தேடுவதும் சுலபமாகிவிட்டது. நன்னம்பிக்கையோடும் கம்பனியின் நலன் கருதியும் பணிப்பாளர் நடத்தல் வேண்டும் என்கிறது 187ஆம் பிரிவு. கண்மூடித்தனமாகவோ பாரதூரமான கவலையீனத்துடனோ நடத்தலாகாது என்றும், தம் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற திறமையையும் கவனத்தையும் காட்டவேண்டும் என்றும் 189ஆம் பிரிவு கூறும். 'தம் அறிவுக்கு ஏற்ற' என்றிருக்கிறதே, எனக்குத்தான் வியாபார அறிவில்லையே என்று சிலர் மனந்தேறுவர். திறமைக்கு அந்தத் தளர்வு உண்டு, கண்மூடித்தனத்துக்கு இல்லை. கணக்காளரையும் வழக்கறிஞரையும் நம்பி நடக்கலாமா எனின், நடக்கலாம். ஆனால் ஐயம் தோன்றும் இடத்தில் விசாரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று 190ஆம் பிரிவு நிபந்தனை இடுகிறது.

பலர் அறியாதது 220ஆம் பிரிவு. கம்பனியின் மூலதனம் பத்து இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். கடன்களைக் கழித்தபின் எஞ்சும் சொத்து ஐந்து இலட்சத்துக்குக் குறைந்துவிட்டதெனப் பணிப்பாளருக்குத் தெரியவந்தால், இருபது வேலை நாட்களுக்குள் அவர்கள் பங்குதாரர் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பவேண்டும். அதாவது, கப்பலில் நீர் பாதியளவு ஏறியதும் மணியடிக்கவேண்டும்; மூழ்கும்வரை காத்திருத்தல் ஆகாது. கடனை உரிய காலத்திற் கொடுக்க முடியாத நிலை வந்தால் உடனே சபையைக் கூட்டி ஆராயவேண்டும் என்கிறது 219ஆம் பிரிவு. ஐந்தொகையைப் பாராதவருக்கு நீர் ஏறியது எப்படித் தெரியும்?

வேறு சட்டங்களிலும் இப்பொறுப்புத் தொடர்கிறது. ஊழியரின் சேமலாப நிதிப் பணத்தைக் கட்டாமல் விட்ட கம்பனியின் பணிப்பாளர், தாம் அறியாமலே அது நடந்தது அல்லது தடுப்பதற்கு வேண்டிய முயற்சியைச் செய்தோம் என்று தாமே நிரூபிக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கடன் கொடுக்கும் வங்கி பணிப்பாளரிடம் தனிப்பட்ட பிணை கேட்பது வழக்கம். அந்தக் கடதாசியிற் கையெழுத்து விழுந்தால் சாலமன் பெற்ற மறைப்பு அவ்வளவில் நீங்கிவிடும். அம்மையாருக்கு உள்ள சொத்து அவர் இருக்கும் சீதன வீடும் நாற்பது தென்னையுமே. இதைக் கேட்டதும் அவர் படிவத்தை மடியில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டார்.

பெரிய சபைகளில் மட்டும் இக்குறை இல்லையென்று எண்ணற்க. 2008ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே கொழும்பில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி வீழ்ந்தது. வைப்புப் பணம் ஏற்பதற்கு மத்திய வங்கியின் அனுமதியில்லாத அக்கம்பனியிலே, ஒன்பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர் உயர்ந்த வட்டியையும் பெரிய குழுமத்தின் பெயரையும் நம்பி, ஏறத்தாழ 2,600 கோடி ரூபாவைப் போட்டிருந்தனர். ஓய்வூதியமும் பெண்ணின் சீதனப் பணமும் அதற்குள் அகப்பட்டன. அதே டிசெம்பரில் இந்தியாவின் சத்தியம் கம்பனிப் பணிப்பாளர் சபை, தலைவரின் குடும்பத்தாருடைய இரு கம்பனிகளை 160 கோடி டொலருக்கு வாங்கச் சம்மதித்தது. அச்சபையிலே ஹார்வார்ட் பேராசிரியர் ஒருவரும் இந்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் ஒருவரும் இருந்தனர். மூன்று வாரத்தில், ஆண்டுக்கணக்காகக் காட்டி வந்த கணக்கே பொய் என்று தலைவர் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டார். படிப்பு மட்டும் ஒருவரைக் கேள்வி கேட்க வைத்துவிடாது போலும்.

இத்தனையும் தூரத்துக் கதைகள். அயலூர்க் கதை ஒன்று உண்டு; அதை இவ்வூரார் கிணற்றடியில் நின்று கற்றனர். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் ஊறும் நீரே குடிப்பதற்கும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும். நிலத்தில் எதை ஊற்றினாலும் அது ஒரு நாள் வாளியில் ஏறும். உடுவில் பிரதேசத்தைச் சேர்ந்த சுன்னாகத்திலே எண்ணெயால் மின்சாரம் ஆக்கும் நிலையத்தை ஒரு தனியார் கம்பனி நடத்தியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற முறைப்பாடு எழுந்தது. மக்கள் குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்த்துப் பானையுடன் நின்றனர். 2015இலே அடிப்படை உரிமை வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பில், மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அக்கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நட்டஈட்டைச் செலுத்தும்படி பணிக்கப்பட்டது கம்பனி. கிணற்றுக்காரர் கம்பனியின் பங்குதாரர் அல்லர். கடன் கொடுத்தவரும் அல்லர். நமது 187ஆம் பிரிவு 'கம்பனியின் நலன்' என்று கூறுகிறது. கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் அங்கில்லை. பிரித்தானியரின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 172ஆம் பிரிவு, தொழிலாளரையும் அயல் மக்களையும் சுற்றாடலையும் பணிப்பாளர் கருத்திற் கொள்ளவேண்டும் என்று வெளிப்படையாக எழுதியது. நம் சட்டத்திலும் அத்தகைய வாசகம் ஏறவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏறாவிட்டாலும், எண்ணெய் கையாளும் எந்தச் சபையிலும் ஒருவர் எழுந்து, 'கழிவு எண்ணெய் எங்கே போகிறது? சென்று பார்த்தவர் யார்?' என்று கேட்பதற்குச் சட்டப்பட்டம் வேண்டியதில்லை. அந்தக் கேள்வி கம்பனியின் நலனுக்கும் உகந்தது. இரண்டு கோடி ரூபாவும் நற்பெயரும் கம்பனியின் சொத்துத்தானே. இதனை அம்மையாரே எனக்கு முன் சொன்னார். "எங்கடை கிணத்துத் தண்ணியைக் கொஞ்ச நாள் மாட்டுக்கும் வைக்கேல்லை, மாஸ்டர். மிளகாய் இடிக்கிற இடத்துக் கழுவின தண்ணி எங்கை போகுது எண்டு அவனைக் கேக்கத்தான் வேணும்."

இன்னும் ஒன்று மீதமிருந்தது. பெயரைத் தாயாருக்குக் கொடுத்துவிட்டு ஆட்டுவிப்பவர் மகன் என்றால், தாயாரின் பொறுப்பு அதனாற் குறையாது. அன்றியும், எவருடைய சொற்படி பணிப்பாளர் நடப்பது வழக்கமோ அவரையும் சில பிரிவுகளின் பொருட்டுச் சட்டம் பணிப்பாளராகவே கொள்ளும். உத்தியோக விதிக்கு அஞ்சி ஒளிந்தவருக்கு ஒளிப்பிடமும் இல்லை. தாயாருக்கு விடுதலையும் இல்லை.

அம்மையார் என்னிடம் பென்சில் வாங்கினார். படிவத்தின் பின்புறத்தில் எழுதவேண்டாம் என்று தடுத்து வேறு கடதாசி கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்தொகை வருமா, கூட்டத்துக்கு ஆர் அழைப்பது, வங்கியில் எவ்வளவு கடன், வீட்டு உறுதியை எவராவது கேட்பார்களா, கழுவின நீர் எங்கே போகிறது என்று ஐந்து கேள்வி எழுதிக்கொண்டார். அன்றிரவே தொலைபேசியிற் கேட்டும் விட்டார்.

"அம்மா, உங்களை ஆர் குழப்பினது?" என்றானாம் மகன். பதில் கிடைத்தது இரண்டு கேள்விக்கு மட்டும். படிவம் இன்னும் அவர் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குள் மடித்தபடி இருக்கிறது. நேற்றுக் கொழும்பிலிருந்து வந்த சின்னவர் எங்கள் படலையைக் கடந்து சென்றார். வழக்கமாக நின்று சுகம் விசாரிப்பவர், இம்முறை கைப்பேசியைப் பார்த்தபடியே போனார்.