மக்கும் மூடாக்குத் தாள்: பெயரை மட்டும் நம்பலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் தக்காளி, மிளகாய் பயிரிடும் விவசாயிகள் பலர் பாத்தியில் பிளாஸ்டிக் மூடாக்குத் தாள் விரிக்கின்றனர். களை குறைகிறது, தண்ணீர் மிச்சமாகிறது. ஆனால் அறுவடைக்குப் பின் கிழிந்த தாளை முழுவதும் பொறுக்கி எடுப்பவர் குறைவு. எஞ்சியது உழவில் மண்ணோடு கலந்துவிடுகிறது. சாதாரண பாலிதீன் மக்குவதில்லை. நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் நிலத்தில் அது ஆண்டுதோறும் சேர்கிறது.

இதற்கு மாற்று, மக்கும் தாள். அதில் லிக்னின் சேர்க்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடைபெறுகிறது. லிக்னின் என்பது செடி, மரங்களுக்கு விறைப்பைத் தரும் பொருள். தென்னை நார்க்கழிவு எளிதில் மக்காததற்கும் இதுவே முக்கியக் காரணம். அதனால்தான் சிப்பிக் காளான் வித்து இட்டு அதை மக்க வைக்கிறோம். காகித ஆலையில் கூழ் காய்ச்சும்போது வெளியேறும் கருப்பு நீரிலும் இது ஏராளம். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குணமும் இதற்கு உண்டு.

ஆயினும் லிக்னின் சேர்ந்தாலே நல்ல தாள் ஆகிவிடாது. ஒரே கரும்புச் சாறுதான். பதத்தில் இறக்கினால் வெல்லம், பதம் தப்பினால் கருகல். தாள் தயாரிப்பும் அப்படியே. லிக்னின் ஈரத்தை இழுக்கும். அதை உலர்த்தாமல் உருக்கினால், உடன் சேரும் பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக் வலுவிழந்து, தாள் நொறுங்கும். பிஎல்ஏ உருகுவதற்கு 150 முதல் 180 டிகிரி வெப்பம் வேண்டும். சூடு 200 டிகிரியைத் தாண்டினால் லிக்னின் சிதையத் தொடங்கும். சரியாகக் கலக்காவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். அந்த இடத்தில் தாள் கிழியும். அளவு மிஞ்சினால் விறைத்து ஒடியும். ஆனி, ஆடிக் காற்றுக்கு இத்தகைய தாள் எப்படித் தாங்கும்?

சான்றிதழிலும் கவனம் தேவை. ஐஎஸ்ஓ 17088 என்ற தரம் கம்போஸ்ட் ஆலைக்கு உரியது. அங்கே சூடு சுமார் 58 டிகிரி. நம் வயல் மண்ணில் அந்தச் சூடு நிலைக்காது. வயல் மண்ணில் மக்குவதற்கென ஐரோப்பாவில் 2018ல் இஎன் 17033 என்ற தரம் வந்தது. அதன்படி 2 ஆண்டுக்குள் 90 சதம் மக்க வேண்டும்.

எனவே, எந்த மக்கும் தாளுக்கும் மானியம் தருமுன், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையமும் அதை நம் மண்ணில் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. காலதாமதம் ஆகும் என்பர். ஆகட்டும். தாளை ஒரு நாளில் விரித்துவிடலாம். மண்ணில் கலந்த துண்டுகளைப் பொறுக்க ஒரு தலைமுறை போதாது.

விவசாயிகளும் சோதிக்கலாம். விற்பவரிடம், மண்ணில் மக்கும் சான்றா, கம்போஸ்ட் சான்றா என்று கேளுங்கள். முதலில் ஒரு பாத்தியில் மட்டும் விரியுங்கள். அறுவடைக்குப் பின் ஒரு முழத் துண்டை நைலான் வலைப்பையில் இட்டு, அரை அடி ஆழத்தில் புதைத்து, 6 மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2 ஆண்டு கழித்தும் துண்டு துண்டாகக் கிடந்தால், அது கிழிந்ததே தவிர மக்கவில்லை.

அதுவரை பாலிதீன் தாளை உழவுக்கு முன் முழுவதும் எடுத்துவிடுங்கள். நோயற்ற வாழைச் சருகு கிடைக்கும் இடத்தில் அதையே மூடாக்காக இடுங்கள். அது மக்குமா என்று எவரிடமும் சான்று கேட்கத் தேவையில்லை.