கையொப்பம் வைக்க மறுக்கும் வேலை

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டடத் துறை தவிர வேறு என்ன இருக்கிறது என்று வட்டுக்கோட்டைத் தாய்மார் கேட்பதுண்டு. விமானத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பொறியியலாளர் என்றேன். "பிள்ளை வானத்தில ஏற வேணுமோ?" என்றார் ஒருவர். இல்லை அம்மா, நிலத்தில் நின்று செய்யும் வேலைதான்.

விமானப் பாகம் ஒன்று வரைபடத்தில் உள்ள அளவில் இருக்கிறதா, உலோகம் எங்கிருந்து வந்தது, யார் பொருத்தினார், யார் பரிசோதித்தார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சில பாகங்கள் கழிக்கப்படும். பிசகு ஏன் வந்தது என்று தேடுவதும் அவரது பொறுப்பு.

2024 ஜனவரி 5ஆம் திகதி, அமெரிக்காவின் போட்லண்ட் நகரிலிருந்து 177 பேருடன் புறப்பட்ட அலாஸ்கா எயர்லைன்ஸ் விமானத்தின் பக்கச் சுவரில் ஒரு துண்டு, ஏறக்குறைய 14,800 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. மேலதிகக் கதவு தேவைப்படாத இடத்தை அடைக்கும் மூடி அது. பக்கத்து இரு ஆசனங்களிலும் எவரும் இருக்கவில்லை; தெய்வாதீனம், எல்லோரும் உயிர் தப்பினர். மூடியைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகள் பூட்டப்படவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. 2023 செப்ரெம்பரில், ரென்ரனிலுள்ள போயிங் தொழிற்சாலையில், அருகே பழுதான றிவெற்றுகளைத் திருத்துவதற்காக மூடியைக் கழற்றியிருந்தார்கள். கழற்றியதை எவரும் பதியவில்லை. பதிவு இல்லாதபடியால் பரிசோதனையும் நடக்கவில்லை. 2025இல் விசாரணைச் சபை, தொழிலாளரைத் தனியே குற்றஞ்சாட்டாமல், போதிய பயிற்சியும் மேற்பார்வையும் வழங்காத நிறுவனத்தையே குறை கூறியது. சரியான தீர்ப்பு.

இந்த வேலையில் கணக்கு அவ்வளவு கடினமில்லை. "நாளைக்கு அனுப்ப வேணும், கையொப்பத்தை வையுங்கோ" என்று மேலதிகாரி நிற்கும்போது மாட்டேன் என்பதுதான் கடினம். எமது பெண்பிள்ளைகளை அதற்குப் பழக்குகிறோமா? கடன் பத்திரத்தை வாசிக்காமலே அயலவருக்குப் பிணை நின்று அல்லலுறும் சகோதரிகளை ஊரூராகக் காண்கிறேன். "அடக்கமான பிள்ளை" என்ற பெயருக்காக வைத்த கையொப்பங்கள் அவை.

குடாநாட்டில் விமானத் தொழிற்சாலை இல்லைத்தான். ஆனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் எமது பெண்கள் தரப் பரிசோதகர்களாக நிற்கிறார்கள்; அளந்து, பதிந்து, பிழையை ஒதுக்கும் பழக்கம் இரண்டுக்கும் ஒன்றே. பௌதிகவியல் செய்முறையில் உங்கள் பிள்ளை கண்ட வாசிப்பையே எழுதுகிறாளா, விடை பொருந்துவதற்காக மாற்றி எழுதுகிறாளா என்று இன்றிரவு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.