சூரைச்செடியின் கீழே



மனச்சோர்வுற்ற ஒருவரிடம், "உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டது, இன்னும் அதிகமாய் ஜெபியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. அது வேதம் காட்டும் வழியல்ல.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கர்மேலில் வல்லமையாய் ஊழியம் செய்த எலியா, அதன்பின் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழே சாவை விரும்பினார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் நித்திரையும் அப்பமும் தண்ணீரும் அருளினார். ஓரேபில் அவர் ஒரே புலம்பலை இருமுறை சொல்லியும் பொறுமையாய்க் கேட்டார். தாம் தனித்துவிட்டதாக நம்பியவருக்கு ஏழாயிரம்பேர் மீந்திருப்பதைக் காட்டினார். செய்யவேண்டிய பணியையும் எலிசாவின் துணையையும் கொடுத்தார்.

மனநல ஆலோசகர் செய்வதும் இதற்கு வெகுதூரமானதன்று. மனபாரத்தைத் தீர்ப்பிடாமல் கேட்கிறார். "எனக்கு யாருமில்லை" என்னும் எண்ணம் மெய்தானா என்று நம்மோடு சேர்ந்து ஆராய்கிறார். அன்றன்று செய்யக்கூடிய சிறு காரியங்களுக்கு மெல்லத் திருப்புகிறார். தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் கொடுப்பார். கிறிஸ்தவ ஊழியத்தில் பிறந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, 1957-லேயே மனநல மையம் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெற வழிசெய்தது.

நம் பகுதியின் துயரம் நாம் அறிந்ததே. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. விழுந்த மரங்களை அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். உடைந்த உள்ளங்களைக் கணக்கெடுத்தவர் யார்? மேட்டூரில் தண்ணீர் இருந்தும் கடைமடை வயல் காய்வதுண்டு. அப்போது நாம் வயலைக் குற்றப்படுத்துவதில்லை. தூர்ந்த வாய்க்காலைத் தூர்வாருகிறோம். தேவகிருபை குறைவுபடாதிருந்தும் ஒருவருடைய உள்ளம் வறண்டிருந்தால், அவரையும் அப்படியே நடத்துவோமாக.

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, தம்மைப் பயனற்றவராக எண்ணும் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவருக்காக ஜெபியுங்கள், அவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்தும் செல்லுங்கள். சாவைக்குறித்துப் பேசினால் தனியே விடாதிருங்கள். 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

எலியாவைத் தொட்டெழுப்பிய தேவன், சோர்ந்திருப்போரைத் தொட்டெழுப்ப நம் கரங்களையும் பயன்படுத்துவாராக. ஆமென்.