கூரை ஏறாத வீடுகள்: குற்றவாளி யார்?

ஏ-9 வீதியை விட்டு இறங்கி, வன்னியின் மீள்குடியேற்றக் கிராமங்களுள் ஏதேனும் ஒன்றினுள் கால் மைல் நடந்து பாருங்கள். ஒரு காட்சி கண்ணிற் படாமற் போகாது. அத்திவாரம் இருக்கும், சுவர் இருக்கும், கதவுக்கும் யன்னலுக்கும் விட்ட இடைவெளி இருக்கும், கூரை மட்டும் இராது. நான்கு சுவருக்குள்ளே எருக்கலை முளைத்து நிற்கும். அச்சுவரின் அருகே ஒரு தகரக் கொட்டில். அக்கொட்டிலுக்குள்ளே ஒரு குடும்பம்.

மழை வந்தால் ஒழுகுவது கொட்டில். வெயில் வந்தால் வேகுவது அதனுள் இருக்கும் குழந்தை. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் கூரை ஏறாத இந்தச் சுவர்களுக்கு அந்த முடிவு இன்னும் வந்து சேரவில்லை.

இதற்குக் குற்றவாளி யார்? கந்தோரிற் கேட்டால், "கொடுத்த பணத்துக்குக் கட்டாமல் பெரிதாகக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்" என்று விடை வருகிறது. இந்த விடையில் உண்மையின் ஒரு துண்டு உண்டு. ஆயினும் துண்டைக் காட்டி முழுமையை மறைப்பதை நாம் ஏற்கோம். கணக்கை முதலிலிருந்து பார்ப்போம்.

ஐந்தரை இலட்சத்தின் கதை

இந்திய அரசின் உதவியுடன் 50,000 வீடுகள் என்ற திட்டம் வகுக்கப்பட்டது. 2012 ஒக்ரோபரிலே அதன் பெரும் பகுதி வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கியது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. ஒப்பந்தக்காரர் கையிற் கொடாமல், பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் பணம் இடப்பட்டது. வீட்டுக்காரரே கட்டுவது என்னும் அம்முறையை நாம் அன்றும் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் நிழல் பெற்றன. செய்ந்நன்றி மறப்பது தமிழர் பண்பன்று.

ஆனால் குறை எங்கே புகுந்தது? தொகை நிலையாக நின்றது. விலை நிலையாக நிற்கவில்லை. ஒரே காலத்தில், ஒரே பிரதேசத்தில், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டத் தொடங்கினால் மணல் விலை ஏறும்; கல் விலை ஏறும்; மேசன் கூலி ஏறும்; மரத்தின் விலை எல்லாவற்றிலும் மேலாக ஏறும். இதை அறியப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. வெங்காயம் விற்கும் எமது விவசாயி அறிவான். அறிய வேண்டிய திட்டகாரர் மாத்திரம் அறிந்திலர். விளைவு? தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று. நிலத்தின் உறுதி கடன்காரன் பெட்டிக்குப் போயிற்று. பெண்கள் வாரந்தோறும் நுண்கடன் தவணை கட்டுவதற்கு வரிசையில் நின்றார்கள். இலவசமாகக் கிடைத்த வீட்டுக்கு வாழ்நாட் கடன்!

கூரையின் கணக்கு

வேலை ஏன் கூரை மட்டத்திலே வந்து நிற்கிறது? சுவரைச் சிறுகச் சிறுக எழுப்பலாம். இம்மாதம் இரண்டு வரிசை, அறுவடை வந்ததும் நான்கு வரிசை. கூரையை அப்படி ஏற்ற முடியாது. வளையும் கைமரமும் றீப்பையும் ஓடும் ஒருங்கே வந்து சேர வேண்டும். பாதிக் கூரை என்று ஒன்று இல்லை. ஏழையின் கையிலே ஒருங்கே நிற்காத பொருள் பணம். கூரை கேட்பதோ அதனையே.

ஓர் எளிய கணக்கைச் சொல்வோம். 25 அடி நீளமும் 22 அடி அகலமும் கொண்ட, 550 சதுர அடி வீடு ஒன்றை எடுங்கள். சுற்றிவர இரண்டடி தாழ்வாரம் விட்டு, ஓட்டுக்கு வேண்டிய சரிவும் கொடுத்தால், கூரையின் பரப்பு 830 சதுர அடியளவில் வரும். இரண்டடிக்கு ஒரு சோடி கைமரம் வீதம் 16 சோடி. அதற்கே 460 அடி மரம். அதன் மேல் ஓடு தாங்கும் றீப்பை 870 அடியளவில். சுவர்வளையும் முகட்டு வளையும் 80 அடி. ஆக, சிறியதொரு வீட்டுக்கு 1,400 அடி மரம்! அதன் மேல் ஏறக்குறைய 1,100 ஓடு. ஓட்டின் பாரம் மட்டும் மூன்று தொன்னளவில் நிற்கும். ஆகவேதான் மரத்தில் மிச்சம் பிடிக்க முடியாது. மெலிந்த கைமரம் இரண்டு மாரிக்குள் வளையும். வளைந்த கூரையில் ஓடு விலகும். விலகிய ஓட்டின் வழியே நீர் இறங்கும். நீர் இறங்கிய மரம் உழுக்கும்.

இந்த மரத்துக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு காலத்தில் இக்கேள்வியே எழுந்ததில்லை. வளவிலே மூத்த பனை நின்றது. வைரம் ஏறிய கறுத்த பனஞ்சலாகை தலைமுறை தாங்கியது. ஒல்லாந்தர் காலத்திலே இங்கிருந்து பனஞ்சலாகைகள் கப்பலேறிக் கடல் கடந்தும் சென்றன. போர் அந்தப் பனைகளைத் தின்றது. காப்பரணுக்கும் பதுங்கு குழிக்கும் தறிக்கப்பட்டவை போக, எறிகணைக்குத் தலை இழந்து நின்றவை எத்தனை! வைரம் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும் மரத்தை, ஒரு தவணைக் காலத்தில் எவர் முளைக்க வைப்பார்? எஞ்சி நிற்பதைத் தறிக்க அனுமதி வேண்டும். வன்னியிலிருந்து முதிரையோ பாலையோ ஏற்றி வரவும் அனுமதி வேண்டும். காடும் பனையும் காக்கப்பட வேண்டியவையே; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அனுமதிக்காக அலைபவன் ஏழை. அனுமதி இன்றியே இரவில் ஏற்றி அகன்று போகிறவன் வேறொருவன். சட்டம் யாரைத் தடுக்கிறது?

இரும்பு வீட்டு வேடிக்கை

இந்த நிலையிலே கொழும்பு என்ன செய்தது? 65,000 வீடுகள் அமைப்போம் என்றது. மகிழ்ந்தோம். எவ்வகை வீடு என்று கேட்டோம். உருக்குச் சட்டத்திலே பொருத்தும் வீடு என்றார்கள். 2016ஆம் ஆண்டிலே அதற்கு ஆர்செலர் மித்தல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம் தெரிவு செய்யப்பட்டது. தளபாடம், தொலைக்காட்சி முதலியவற்றையும் சேர்த்து, வீடொன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா!

கணக்குப் போடுங்கள், வாசகரே. இந்திய உதவியிலே கொடுத்த ஐந்தரை இலட்சத்தின் ஏறக்குறைய நான்கு மடங்கு இது. 65,000 வீட்டுக்கு 13,650 கோடி ரூபா. கல்வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் போதாது என்று அதை இரட்டித்து 11 இலட்சமாகக் கொடுத்திருந்தாலும் 7,150 கோடி ரூபாவுடன் முடிந்திருக்கும். மீதி 6,500 கோடி யாருக்காக?

பணம் மட்டுமா? கல்வீடு கட்டினால் கல் அரிபவனுக்கு வேலை, மேசனுக்கு வேலை, தச்சனுக்கு வேலை, மணல் ஏற்றும் உழவு இயந்திரக்காரனுக்கு வேலை. உருக்கு வீடு கப்பலில் வந்தால் அந்தக் கூலி கப்பலிலேயே திரும்பிப் போகும். எமது வெயிலிலே உருக்குத் தகடு என்ன பாடு படுத்தும் என்பதைத் தகரக் கொட்டிலிலே கிடந்தவனைக் கேட்டால் சொல்வான். மகள் வளர்ந்ததும் ஓர் அறை, அடுக்களைக்குப் பக்கத்திலே ஒரு பத்தி, முன்னே ஒரு விறாந்தை என்று, எமது வீடு குடும்பத்தோடு சேர்ந்து வளர்வது. பொருத்திவிட்ட தகட்டிலே ஊர் மேசன் எங்கே அறை சேர்ப்பான்?

பொறியியலாளரும் பொருளியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் இதை எதிர்த்தார்கள். அந்த 65,000 வீட்டுத் திட்டம் அவ்வடிவிலே நிறைவேறவில்லை. நல்லது. ஆனால் மக்களைக் கேளாமல் வகுத்த திட்டத்தை மக்கள் மறுத்தால், அதே பணத்தில் மக்கள் கேட்டதைக் கொடுப்பதல்லவா முறை? வாதம் முடிந்தது, ஆண்டுகள் கழிந்தன, கொட்டில் கொட்டிலாகவே நின்றது.

விட்டுப் போனவர்கள்

பின்னர் வந்தது மாதிரிக் கிராமக் காலம். அத்திவாரம் வெட்டச் சொன்னார்கள், வெட்டினோம். முதல் தவணை வந்தது. 2019 நவம்பரிலே ஆட்சி மாறியது. பல இடங்களிலே தவணை நின்றது. ஆட்சி மாறினால் கட்சிக் கொடி மாறலாம். ஏழைக்கு எழுதிக் கொடுத்த வாக்கும் மாறுமா? முன்னைய அமைச்சர் பெயரிலே தொடங்கிய சுவரென்றால் பின்னைய அமைச்சருக்கு அது சுவராகத் தெரியாதா?

அந்தச் சுவர்கள் காத்திருக்கையிலேதான் 2022ஆம் ஆண்டு வந்தது. நாடு கடனைத் தீர்க்க முடியாது கைவிரித்தது. ரூபா சரிந்தது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவளவில் விற்ற சீமெந்துப் பை, 2022இல் மூவாயிரத்தையும் தாண்டியது. ஐந்தரை இலட்சத்துக்கு 550 பை வாங்கக்கூடிய நிலை மாறி, 183 பையும் வாங்க முடியாத நிலை வந்தது. பெறுமதிசேர் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, செப்டம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. கைவிடப்பட்ட தவணையை அன்று எழுதிய தொகையிலேயே தந்துவிட்டு, கடமை தீர்ந்தது என்று எவரேனும் சொன்னால், அது கடமையன்று, கைகழுவல்.

எம்மவர் குற்றம்

பிறரைச் சுட்டும் விரலை ஒரு கணம் எம்மிடமும் திருப்புவோம். அத்திவாரத்தை அயலவன் வீட்டைப் பார்த்து வெட்டுகிறோம். கூரையை எமது மடியைப் பார்த்துப் போட வேண்டி வருகிறது. இரண்டுக்கும் இடையிலேதான் எருக்கலை முளைக்கிறது. சீதனத்துக்கு வீடு, வீட்டுக்குக் கடன், கடனுக்குக் காணி என்று சுழலும் இந்தச் செக்கை எந்த அரசும் எமது கழுத்திலே பூட்டவில்லை, நாமே பூட்டிக்கொண்டோம்.

கற்றவர்களையும் கேட்கிறோம். எமது இனத்திலே பொறியியலாளருக்குப் பஞ்சமில்லை. கிளிநொச்சியிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. ஆயினும் ஏழை விவசாயியின் வீட்டுக்குப் படம் வரைபவர் யார்? அவன் வாய்ச் சொல்லும் மேசனின் கைச் சாணுமே படம். எவ்வளவு மரம் வேண்டும், எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்று ஒரு தாளிலே எழுதிக் கொடுக்க எத்தனை மணி நேரம் செல்லும்? ஆளில்லாத மாடி வீட்டை ஊரிலே எழுப்பிப் பூட்டி வைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்தப் பணத்தின் பத்திலொரு பங்கு, எத்தனை சுவர்களுக்குக் கூரை ஆகும்!

நாம் கேட்பவை

ஒன்று: வீட்டு உதவித் தொகை, அறிவித்த நாளின் விலையிலன்று, ஒவ்வொரு கட்டத்தின் அன்றைய விலையிலே கணிக்கப்பட வேண்டும்.

இரண்டு: இடையிலே கைவிடப்பட்ட வீடுகள் கிராமம் கிராமமாகக் கணக்கெடுக்கப்பட்டு, புதிய அத்திவாரம் ஒன்று வெட்டப்படுவதற்கு முன்னர் அவற்றுக்குக் கூரை ஏற வேண்டும்.

மூன்று: கூரைத் தவணை வேலை முடிந்த பின்னரன்று, மரம் வாங்கும் முன்னரே கையிற் கிடைக்க வேண்டும்.

நான்கு: அரச மரக் கூட்டுத்தாபனமும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து, அளவாக அரிந்த கைமரத்தையும் றீப்பையையும் நியாய விலையிலே பிரதேசந்தோறும் வைத்து விற்க வேண்டும். நூறு வீட்டுக்கு ஒருங்கே வாங்கும் மரத்தின் விலை வேறு. தனியொருவன் கெஞ்சி வாங்கும் மரத்தின் விலை வேறு.

ஐந்து: முதலில் சிறிதாய்க் கட்டி, வசதி வந்தபின் அறை சேர்க்கத்தக்க வீட்டுப் படங்களை எமது பொறியியலாளர் இலவசமாக வரைந்து கொடுக்க வேண்டும். இது அரசிடம் கேட்பதன்று, எம்மிடமே கேட்பது.

இவற்றை எங்கே சென்று கேட்பது? வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை. எமது வீட்டுக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்பதை எமது மண்ணிலே தீர்மானிக்கும் அதிகாரம் எமக்கில்லாத வரையில், தகட்டு வீடு போய் வேறொரு விந்தை வீடு வரும். உரிமை என்பது மேடையிலே முழங்கும் சொல் மட்டுமன்று. எமது கூரையின் கைமரத்தை நாமே தெரிந்தெடுப்பதும் உரிமைதான்.

வாடைக்காற்றும் மாரியும் எவருடைய ஆணைக்கும் காத்திரா. ஆவணி போனால் ஐப்பசி வரும்; ஐப்பசியிலே மழை வரும். கோப்பின் மேல் மழை விழாது. கந்தோருக்குக் கூரை உண்டு. நனைவது கொட்டிலிலே கிடக்கும் குழந்தை. அந்தக் குழந்தை எத்தனையாவது மாரியை இவ்வாறு காண்கிறது என்பதையாவது, அடுத்த தடவை வாக்குக் கேட்டுப் படலைக்கு வருபவரிடம் கேளுங்கள். விடை வரும் வரை படலையைத் திறவாதீர்கள்.