குழாயைக் கெடுத்தவர் யார்?

முதற்குடி மக்களுக்கு எத்துணை நல்ல வீட்டைக் கட்டிக் கொடுத்தாலும் உடைத்துப் பாழாக்கிவிடுவர் என்னும் பழிச்சொல் ஆத்திரேலியாவில் நெடுநாளாய் வழங்கி வருவது. சொல்வோர்க்கு அதில் ஓர் ஏந்து உண்டு. கெடுத்தவர் குடியிருப்போரே என்றாகிவிட்டால், கட்டியவரும் காக்க வேண்டியவரும் கைகழுவிக் கொள்ளலாம். அவ்வீட்டார்க்கோ கைகழுவவும் குழாயில் நீர் வாராது!

தென் ஆத்திரேலியாவின் வடமேற்குப் பாலை நிலத்தில், தொல்குடியினர் தாமே நடத்தும் நங்கனம்பா நலவாழ்வு மன்றம் உள்ளது. 1985-இல் அதனை நடத்தி வந்தவர் கண்ணொளி இழந்த பெருமகனாராகிய யாமி இலெசுட்டர். மருத்துவமனையில் நோய் தீர்ந்து சென்ற குழந்தை மீண்டும் அதே நோயோடு வருவது ஏன் என்பதே அவரை வாட்டிய வினா. மருத்துவர் பால் தொர்சில்லோ, கட்டடக் கலைஞர் பால் போலெரோசு, சுட்டீபன் இரைனோ ஆகிய மூவரையும் அழைத்து, மக்கள் நோயுறுவதை நிறுத்துமாறு கேட்டார். 1987-இல் வெளிவந்த அறிக்கைக்கு ‘உவங்கர பல்யங்கு கனியின்சாக்கு’ என அம்மக்கள் மொழியிலேயே பெயர் அமைந்தது. எவருக்காக எழுதப்பட்டது என்பதைப் பெயரே சொல்லிற்று.

அவ்வறிக்கை வகுத்த ஒன்பது நடைமுறைகளுள் முதலாவது உடலைக் கழுவுதல். அதிலும் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளை நாள்தோறும் குளிப்பாட்டுதல். எளிய செயல்தானே எனத் தோன்றும். அதற்கு வீட்டினுள் நீர் வரவேண்டும். பாலைக் குளிரில் வெந்நீரும் வேண்டும். குழாய் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். கழிநீர் தேங்காது வடிய வேண்டும். தொட்ட இடத்தில் மின் தாக்காதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று அற்றாலும் குழந்தை குளியாது. குளியாத உடலில் சிரங்கு. கழுவாத முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்குக் கண்ணோய். கண் மருத்துவர் பிரெடு ஆலோசு இவ்வீட்டுப் பொருள்களை ‘நலக்கருவிகள்’ என்னும் பொருள்பட அழைத்தது எத்துணைப் பொருத்தம்!

அம்மூவரும் ஒரு நெறியைக் கைக்கொண்டனர்: பழுது நீக்காமல் கணக்கெடுத்தல் கூடாது. பயிற்சி பெற்ற உள்ளூரார் வீடு வீடாகச் சென்று குழாய், வடிகால், மின்பொறி, அடுப்பு என ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்ப்பர். குழாய்ப் பணியாளரும் மின் பணியாளரும் உடன் வருவர். நீக்கத்தக்க பழுது அன்றே நீங்கும். ஏட்டில் எழுதிக்கொண்டு போனவர் திரும்பி வாராமை அம்மக்களுக்குப் பழகிப்போன ஒன்றன்றோ?

பல்லாயிரம் வீடுகளைப் பார்த்தபின் பழிச்சொல்லின் சாயம் வெளுத்தது. பழுதுகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு பேணாமையால் வந்தவை. 21 விழுக்காடு தொடக்கத்திலேயே தவறாகக் கட்டியதால் வந்தவை. குடியிருப்போர் கெடுத்தவை 9 விழுக்காடே. உப்பு மிகுந்த நிலத்தடி நீர் வெந்நீர்க் கலத்தையும் குழாயையும் அரித்துத் தின்பதை எந்த இல்லத்தரசி தடுக்க இயலும்? நியூ சவுத்து வேல்சு மாநில நலத்துறையின் 2010 மதிப்பீட்டின்படி, இவ்வாறு பழுது நீக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோர் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, அவ்வுதவி பெறாத நாட்டுப்புறத் தொல்குடியினரைவிட 40 விழுக்காடு குறைவு. புதுமருந்து எதுவுமன்று, குழாயும் வடிகாலுமே!

இத்துணை தெரிந்தும், பழுதை அறிவிக்கும் சுமை பெரிதும் வீட்டார் தலையிலேயே கிடக்கிறது. தாய்மொழி வேறாக உள்ள முதியவள், நெடுந்தொலைவிலுள்ள அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஆங்கிலத்தில் பழுதை விளக்க வேண்டும். விளக்கினாலும் பணியாளர் வர வேண்டுமே! அலிசு சுபிரிங்சு நகருக்குத் தென்கிழக்கேயுள்ள சாந்தா தெரேசாவில் ஓர் அம்மையார் வீட்டுக்கு 68 திங்கள் பின்கதவே இல்லை. அவ்வூரார் 2016-இல் தொடுத்த வழக்கு நாட்டின் உயர் முறைமன்றம் வரை ஏறிற்று. கதவின்மையால் உற்ற மனத்துயருக்கும் இழப்பீடு உண்டு என 2023-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது.

கதவில்லை என்பதையேனும் தெருவில் போவாரும் காண்பர். சுவருக்குள் கசியும் குழாயையும், மெல்ல அடைபடும் வடிகாலையும், காப்புறை தேய்ந்த மின்கம்பியையும் வழக்கு மன்றம் தேடி வாராது. குடிக்கூலி வாங்கும் வீட்டுத்துறை, அழைப்புக்குக் காத்திராமல், கருவிப்பெட்டியோடு ஆண்டுதோறும் அவ்வீடுகளுக்குச் சென்றாக வேண்டும். அம்மக்கள் மொழி அறிந்த உள்ளூர் இளைஞரே அப்பணிக்கு ஊதியத்தோடு அமர்த்தப்படவும் வேண்டும்.