முன்பாரம், பின்பாரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மா ஒரு கோலம் போட்டார். புள்ளி கிடையாது, பூ கிடையாது. 14 அடி நீளம், 7 அடி அகலத்தில் ஒரு கட்டம். அதற்குள் கட்டில், மேசை, அடுப்பு, கழிப்பறை. அக்கா மகன் வாங்க நினைத்திருக்கும் டிரெய்லர் வீட்டின் தரைப்படம் அது.

காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற வீடு. ஒரு பட்டறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கைப்பேசியில் படங்களைக் காட்டினான். மெத்தை, மடக்கு மேசை, மேலே வரிசையாக விளக்கு. "எப்படி இருக்கு அம்மாச்சி?" என்று கேட்டான்.

"படத்துல ஆளே இல்லையேப்பா. ஆள் நின்னாத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா கோலப்பொடி டப்பாவை எடுத்துவந்தார்.

கட்டத்துக்குள் நாங்கள் ஐந்து பேர் இறங்கினோம். அக்கா 'அடுப்பு' முன்னால் நின்றாள். பின்கோடியில் கட்டில், முன்கோடியில் கழிப்பறை, நடுவில் இரண்டடி நடைபாதை. கட்டிலில் இருந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போக வேண்டும். பகலில் சாப்பாட்டு மேசை. இரவில் அதையே இறக்கி, மேலே மெத்தை விரித்தால் இரண்டு பேர் படுக்கலாம். படத்தில் என்னைக் கவர்ந்ததே இந்த ஏற்பாடுதான். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நாலு மணிக்கு முழிக்கிறவ நான். மேசையில படுத்தவுக எந்திரிக்கிற வரைக்கும் எங்க உக்கார?" என்றார்.

அந்த ஒரு கேள்வி பாதித் திட்டத்தைக் கலைத்துவிட்டது. எத்தனை பேர் படுக்கலாம் என்று மட்டும் பார்த்து வாங்குகிறோம். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் உட்கார இடம் இருக்கிறதா, மழை பெய்கிற மத்தியானத்தில் ஐந்து பேரும் எங்கே இருப்பார்கள், முழங்கால் வலிக்காரர் இரவில் யாரையும் தாண்டாமல் எழுந்து போக முடியுமா என்று பார்ப்பதில்லை. உள்ளமைப்பு என்பது இதுதான்.

இந்த விஷயத்தில் நாம் புதியவர்கள் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குத் தாத்தா கூண்டு வண்டி கட்டுவார். மயிலாடும்பாறையில் சாயங்காலம் பூட்டினால் கடமலைக்குண்டு, கண்டமனூர் தாண்டி, விடிகிற நேரத்துக்குத்தான் முல்லையாற்றங்கரை. அடியில் வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம். வைக்கோல்தான் மெத்தை; போய் இறங்கியதும் அதுவே மாட்டுக்குத் தீனி. அரிசி மூட்டையை அச்சுக்கு நேர் மேலே வைப்பார். அச்சுக்கு அடியில் அரிக்கேன் தொங்கும். பிள்ளைகள் எல்லோரும் பின்பக்கம் சேர்ந்துகொண்டால், "பின்பாரம்! முன்னுக்கு நகருங்க" என்று அதட்டுவார். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரமானால் கழுத்து புண்ணாகும்.

டிரெய்லருக்கும் இதே கணக்குதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அழுந்த வேண்டும் என்கிறார்கள் அமெரிக்காவில். ஆயிரம் கிலோ வண்டி என்றால் 100 முதல் 150 கிலோ. அதைவிடக் குறைந்து பின்பாரமாகிவிட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். காரையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடும். ஆனி, ஆடியில் கண்டமனூர் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கையில், உயரமான காலிப் பெட்டி போன்ற வண்டி என்னவாகும்?

ஆகவே எந்தச் சாமான் எங்கே என்பது வசதி சார்ந்தது மட்டும் இல்லை. நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி நூறு கிலோ. அது அச்சுக்கு மேல், தரைக்கு அடியில் இருக்க வேண்டும். கட்டில் இலேசானது, பின்னால் போகட்டும். பட்டறைக்காரர்கள் காட்டிய இரண்டாவது மாதிரியில் சமையலறை முழுக்கப் பின்கோடியில் இருந்தது. பின்கதவைத் தூக்கினால் வெளியே நின்றே சமைக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாத்திரம், அரிசி, குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்தால் அது தாத்தா அதட்டிய பின்பாரம்.

வெளியே நின்று சமைக்கிற யோசனையை நான் விடவில்லை. நம் சமையலை மூடிய பெட்டிக்குள் செய்ய முடியாது. காய்ந்த மிளகாயைத் தாளித்தால் ஐந்து பேரும் இருமிக்கொண்டு வெளியே ஓடுவோம், அந்த நெடி இரவு வரை தலையணையில் இருக்கும். நடுவில், வாசலை ஒட்டி, வெளிப்பக்கம் இழுத்துக்கொள்கிற மாதிரி அடுப்பு வைக்கச் சொல்லியிருக்கிறோம். பாரம் அச்சின் மேலேயே நிற்கும். சிலிண்டர் 5 கிலோவே போதும், அதுவும் வண்டிக்கு வெளியே, கொக்கிப் பக்கம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால் தரையோடு ஒரு காற்றுத் துளை கட்டாயம் வேண்டும், அதை எதுவும் அடைக்கக் கூடாது.

கழிப்பறையில் இன்னொரு சிக்கல். கழற்றி எடுத்துக் கொட்டுகிற கழிவுத் தொட்டி சுமார் 18 லிட்டர் பிடிக்கும். காகிதம் பயன்படுத்துகிறவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நம் குடும்பத்துக்கு ஒரு நாளிலேயே நிரம்பிவிடும். பெரிய தொட்டி இல்லையென்றால், கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துகிற பழக்கம் வேண்டும். கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் முதல் கேரவன் பூங்காவையும் திறந்தது. குமுளி மலை ஏறினால் எட்டுகிற தூரம். அப்படி ஓர் இடம் நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்குகிறேன்.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். அது ஒருவர் ஒப்பனை செய்து ஓய்வெடுப்பதற்கு; குடும்பத்துக்கு அதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. தவிர அது சொந்த எஞ்சின் உள்ள வண்டி. டிரெய்லர் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வாகனம், ஓடும்போது உள்ளே ஆள் இருக்கவும் கூடாது. ஐந்து பேரும் காரில்தான். நீளமும் நம் சாலைக்கு அடங்க வேண்டும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் சங்க இலக்கியப் பூவின் பெயர். போடிமெட்டுக்கு 17. நம் மல்லப்புரம் மலைச்சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால் டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. 14 அடிக்கு மேல் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம், அதாவது அக்கா மகனிடம், கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது அம்மா கோலத்தை ஒருமுறை சுற்றி வந்தார். "இது எந்தப் பக்கம் பாத்து ஓடுது?"

மாப்பிள்ளை கிழக்கே கை காட்டினான்.

"அப்ப வாசல் நடுரோட்டுப் பக்கமால இருக்கு. பிள்ளை இறங்குனா லாரிக்கு முன்னாடில்ல இறங்கும்?"

பட்டறைக்காரர்கள் வைத்திருந்தது அமெரிக்க வரைபடம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், வாசலும் வலப்பக்கம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இரண்டு மணி நேரம் அதற்குள் நின்ற எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அம்மா வலப்பக்கத்து இடைவெளியைப் பொடியால் அடைத்தார். இடப்பக்கக் கோட்டைக் காலால் அழித்து வாசல் திறந்தார். வாசல் மாறியதும் அடுப்பு மாறியது, அடுப்போடு மேசையும் மாறியது. மாப்பிள்ளை கைப்பேசியை எடுத்துக்கொண்டு, மேலே நின்று புதுக்கோலத்தைப் படம் பிடிக்க மாடிப்படி ஏறினான்.