குப்பை எல்லோருடையது, நோய் நமக்கா?
சிங்கப்பெருமாள் கோவில்–ஒரகடம் சாலையெங்கும் ஆலைகள். அங்கே குப்பை அள்ளும் வேலை மட்டும் நம் மக்கள் தலையில்தான் விழுகிறது. எரியும் பிளாஸ்டிக் புகையும் நம் மூச்சில்தான் கலக்கிறது.

2024இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் ஆராய்ந்த 23 ஆண்களின் விரைகளிலும் நுண்பிளாஸ்டிக் இருந்தது. நாய்களிடம் பி.வி.சி. கூடியபோது விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தது. மனிதரில் இது இன்னும் நிரூபணமாகவில்லை. அதற்காகக் கைகட்டிக் காத்திருக்க முடியுமா?

பிள்ளை இல்லையென்றால் பெண்ணைத்தான் மலடி என்று ஏசுகிறோம். ஆணுக்குப் பரிசோதனை செய்வதை அவமானமாக நினைக்கிறோம். இந்தப் பழக்கத்தை நாமே விட வேண்டும்.

தூய்மைப் பணியாளர் மருத்துவ முகாம்களில், விரும்புவோருக்கு விந்தணுப் பரிசோதனையையும் அரசு இலவசமாகச் சேர்க்கட்டும். முகக்கவசமும் கையுறையும் ஒப்பந்ததாரர் தரட்டும். பிளாஸ்டிக் எரிப்பதை உள்ளாட்சி தடுக்கட்டும். இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.